அரைப்பேர்

பொகவந்தலாவையில் ஒரு கல்யாணம்.
எங்கள் டிரம்மருக்குக் காய்ச்சல்,
கொழும்பிலிருந்து ஒரு பையனைக் கூட்டி வந்திருந்தோம்.
கை சுத்தம். தாளம் கடிகாரம்.
தராசுப் பாட்டைத் தொடங்கியதும்
வழக்கம்போல மண்டபமே எழுந்துவிட்டது.
மூன்றாம் வரி முடிகிற இடத்தில்
அவன் ஒரு உருட்டு உருட்டி
இடைவெளியை நிரப்பினான்.

அவ்வளவுதான்.
தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல்
முந்நூறு பேர் நின்றார்கள்.
மாப்பிள்ளையின் மாமா சோடாப் பெட்டியில் இடறினார்.
"எங்கண்ணே பிழைச்சேன்?"
"ஒண்ணுமில்ல. அரைப்பேர அடிச்சிட்ட."

அவனுக்கு எப்படி விளங்கும்.
நாள் கொழுந்து நிறை எட்டாவிட்டால்
செக்றோலில் பாதி நாள் விழும். அது அரைப்பேர்.
எங்கள் பக்கத்துப் பாட்டுக்காரர்களுக்கு
அந்த அரை மாத்திரை ஓட்டைக்கும்
அதுதான் பெயர்.
யார் வைத்தது என்று கேட்டால்
ஆளுக்கொரு தோட்டத்தைச் சொல்வார்கள்.

தலவாக்கலையில் ராப் பாடுகிற டிலக்ஷன்
மூச்சு விடாமல் நாற்பது சொல் கொட்டுவான்,
அங்கே மட்டும் நிறுத்துவான்.
கினிகத்தேனை பைலாக்கார சமிந்தவுக்குத்
தமிழில் காசு எண்ணத்தான் தெரியும்;
அவன் கிட்டாரும் அங்கே கை தூக்கும்.
லிந்துலை மாதா கோயிலில்
தவக்காலப் பாட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது,
சுவாமி கண்டுகொள்ளவில்லை.
வத்தளை ஸ்டூடியோவில் ஒருத்தன்
"கட்டத்துக்கு வெளிய விழுது" என்று
கம்ப்யூட்டரில் இழுத்துத் தைத்தான்.
போட்டுக் கேட்டோம்,
சவர்க்கார விளம்பரம் மாதிரி இருந்தது.
வயலின் ஜெசிந்தா யாழ்ப்பாணத்தில் படித்தவள்.
"இது கார்வை" என்றாள்.
"இது பசி" என்றேன் நான்.
இரண்டு பேரும் பிழை.

மஸ்கெலியாவில் ரேடியோ திருத்துகிற கடையில்
அந்தக் கெசட் கிடைத்தது.
லேபலில் ஈரம் தின்றது போக
"...பிச்சை, சல்லடைக் காம்பரா."
தப்பு இல்லை, தவில் இல்லை.
தேயிலைப் பெட்டித் தகரத்தில் விரல்.

*தராசு முள்ளு தலையாட்டுது
ஆமாங்குதா இல்லேங்குதா
ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிச்சீங்க, சரி*

இங்கே

*மழைய யாருங்க கூலிக்கு வச்சது*

இங்கே என்பது வெறும் இடமில்லை.
சத்தத்தைக் கூட்டினால்
ஒரு மனிதன் இருமலை விழுங்குகிறான்.
பதினான்கு வருஷத் தூசு
தொண்டை வரை ஏறி வந்து
திரும்பிப் போகிறது.

பதினொரு வருஷமாக நான்
என் நல்ல நெஞ்சோடு உட்கார்ந்து
அந்தாளின் வியாதியை
கட்டை பிசகாமல் வாசித்திருக்கிறேன்.

மகள் டிக்கோயா ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்.
அமலோற்பவம். தேடிப் போனேன்.
காசு கொடுக்கப் போனேன் என்றால் பொய்,
முழுப்பெயர் கேட்கத்தான்.
சவரிப்பிச்சை.
"அந்த எடத்துல மொகத்தத் திருப்பிக்குவாரு.
நாங்க மூணு பேரும்
முன்னுக்கு ஒக்காந்திருப்பம்ல."
கையில் கட்டில் சீலை.
"நீங்க எல்லாரும் எதுக்கு அத விடாம வச்சிருக்கீங்க?"
பதிலுக்கு நிற்கவில்லை,
ஆறாம் வார்டில் யாரோ கூப்பிட்டார்கள்.

போன சனிக்கிழமை ஹட்டன்.
அதே பையன், அதே பாட்டு.
"அண்ணே, அங்க எத்தன எண்ணணும்?"
"எண்ணாத. அவரு விழுங்கி முடிக்கட்டும்."

நிறுத்தினான்.
நிறுத்தினவன் நிறுத்தினவன்தான்.
அரை ஒன்றாகி, ஒன்றரையாகி,
தூக்கிய கால் ஒன்றும் கீழே வரவில்லை.
கூரைத் தகரத்தில் மழை கேட்டது.
மணப்பெண் சிரிக்கத் தொடங்கினாள்.
டிலக்ஷன் என்னைப் பார்த்தான்,
நான் பையனின் குச்சியைப் பார்த்தேன்.

பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

அதைக் கேட்டுத்தான்
குச்சியை இறக்கினான்.